வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு நான்கு வயது, 16 கிலோ. வெடிச் சத்தம் கேட்டால் நடுங்கி, எச்சில் வடித்து, குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. போன தீபாவளிக்கு யாரோ சொன்னார்கள் என்று அலர்ஜி மாத்திரை கொடுத்தோம். தள்ளாடியதே தவிர நடுக்கம் நிற்கவில்லை. இந்த வருடம் தூக்க மாத்திரை கொடுக்கலாமா, டாக்டர்? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம் அம்மா. அலர்ஜி மாத்திரை நாயை மந்தமாக்கும், பயத்தைத் தொடாது. சத்தம் காதில் விழுகிறது, ஓடி ஒளியக் கால் வரவில்லை என்றால் அதற்கு இன்னும் கொடுமை. நாய்களை மந்தமாக்கக் கொடுக்கும் அசிப்ரோமசின் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தாலும் இதே நிலைதான். வெளியே அமைதியாகத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

பயத்தையே குறைக்க கபாபென்டின், ட்ரசோடோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சத்தம் தொடங்குவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும்; நடுக்கம் ஏறிய பிறகு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. 16 கிலோ நாய்க்குப் பெரும்பாலும் 300 மில்லிகிராம் கபாபென்டின் கேப்ஸ்யூல் ஒன்று என்ற அளவில் வரும். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ அளவு மாறும் என்பதால், உங்கள் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தரட்டும். மனிதர்களுக்கான கபாபென்டின் திரவ மருந்து மட்டும் வேண்டாம். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, சத்தமில்லாத ஒரு மாலையில் ஒரு வேளை கொடுத்துப் பாருங்கள். அதிகம் தள்ளாடுகிறதா, மாறாகப் பரபரக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தீபாவளியன்று வெடிக்க அனுமதி நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அறிவிப்பார்கள். உங்கள் தெருவில் 4 மணிக்கே சரம் கொளுத்துவார்கள் என்றால் அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். அடுத்த வேளை எத்தனை மணி நேரம் கழித்து என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறையில் ஒளிவது நல்லதுதான், வெளியே இழுக்காதீர்கள். பழைய போர்வையும் தண்ணீரும் வையுங்கள், கதவைத் தாழிடாதீர்கள். அடைபட்ட நாய் கதவைப் பிறாண்டி நகத்தையும் பல்லையும் உடைத்துக்கொள்ளும். பயத்தில் இரைக்கும் நாய்க்குப் புழுக்கமான அறையில் உடல் சூடு ஏறும். வாசலில் டேபிள் ஃபேன் வைத்தால் காற்றும் வரும், அதன் இரைச்சல் வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். ஆசனவாய் வழியே பார்த்த வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காதில் பஞ்சு திணிக்க வேண்டாம், உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

தடவிக் கொடுத்தால் பயந்த சுபாவம் கூடிவிடும் என்று சொல்வார்கள். அப்படி ஆகாது, உங்களிடம் வந்து ஒட்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உப்பு, வெங்காயம் சேர்க்காத வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். வெடிக்கு முன்னால் கொடுத்தால் கோழியைப் பார்த்தாலே பயப்படத் தொடங்கும். கோழியையே சீண்டவில்லை என்றால் பயம் எல்லை மீறிவிட்டது, மருந்து போதவில்லை என்று அர்த்தம். நீங்களாக இன்னொரு மாத்திரை போடாமல் மருத்துவரை அழையுங்கள்.

மாலை வெடி தொடங்குமுன், 5 மணிக்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கயிறு கட்டாயம்; கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும்.

நிரந்தரத் தீர்வு பயிற்சிதான், அதைத் தீபாவளி முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். பதிவுசெய்த வெடிச் சத்தத்தை, காது மட்டும் அசையும் அளவுக்கு மெதுவாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கோழி கொடுங்கள். நாள் போகப் போக ஒலியைச் சிறிது கூட்டுங்கள். எழுந்து போனாலோ சாப்பிட மறுத்தாலோ பழைய அளவுக்கு இறங்குங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வெடியின் அடித்தொனி வராது, கொஞ்சம் பெரிய ஸ்பீக்கராக வைத்துக்கொள்ளுங்கள்.