கிரேக்கச் சிங்கங்கள்: கேள்வி பதில்

கே: அக்கா, கிரீஸில் சிங்கமே கிடையாதாமே? சிற்பிகள் கற்பனையில் செதுக்கினார்களா?

ப: இருந்தது தம்பி. கி.மு. 480இல் பாரசீக மன்னர் செர்க்சஸின் படை வட கிரீஸ் வழியே போனபோது, இரவில் சிங்கங்கள் இறங்கிவந்து ஒட்டகங்களை மட்டும் அடித்தன என்று பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். தெற்கே திரின்ஸ் என்ற பழைய கோட்டை நகரில் அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய சிங்க எலும்பு கிடைத்திருக்கிறது. ஆனாலும் கொரிந்து என்ற கிரேக்க நகரத்துப் பானை ஓவியர் பார்த்து வரைந்தது பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்த பொருட்களில் இருந்த சிங்கத்தைத்தான். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர்கள் வரைந்த சிங்கத்துக்குச் சதுர மூஞ்சி. அது வட சிரியச் சாயல். பிற்பாதியில் மூஞ்சி நீண்டு, பிடரிமயிர் அடர்ந்து, அசீரியச் சிங்கமாகவே மாறிவிடுகிறது.

கே: டீலோஸ் தீவுச் சிங்கங்கள்?

ப: நக்சோஸ் தீவினர் தங்கள் பளிங்கில் செய்து வைத்தவை. விலா ஒடுங்கி, வாய் பிளந்து, முன்கால் ஊன்றி உட்கார்ந்திருக்கும். இப்போது வெயிலில் இருப்பவை நகல்கள், மூலம் அருங்காட்சியகத்தில். வெனிஸுக்குப் போன ஒன்றுக்குப் பிற்காலத் தலை. படம் பகிரும் முன் எது மூலம், எது ஒட்டியது என்று பாருங்கள்.

கே: ஆந்தை பொறித்த பழைய ஏதென்ஸ் நாணயம் வாங்கினேன், அசலா?

ப: நாணயம் என் துறை இல்லை. நாணயவியல் அறிந்தவரிடம் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

கே: வீரர்களின் புதைகுழி மேல் சிங்கம் ஏன்?

ப: கைரோனியாவைச் சொல்கிறேன். கி.மு. 338இல் மாசிடோனியாவின் பிலிப்பிடம் கிரேக்க நகரமான தீப்ஸின் படை அழிந்த இடம். சிங்கத்தைச் சுற்றித் தோண்டியபோது 254 எலும்புக்கூடுகள், ஏழு வரிசையில். சிங்கம் அவர்களின் மனவலிமையைக் குறிக்கலாம் என்கிறார் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியஸ். கல்வெட்டு இல்லை, வீரம் இருந்தும் விதி கைகொடுக்காததால்தான் என்பது அவர் எண்ணம். இதுவும் உடைந்த துண்டுகளை 1902இல் சேர்த்து நிறுத்தியது. மறந்துவிடாதீர்கள்.

கே: பழைய கிரேக்க நகரான மைசீனியின் கோட்டை வாயில் மேல் செதுக்கிய இரு சிங்கங்கள் ஆணா பெண்ணா?

ப: தலையே இல்லாமல் எப்படிச் சொல்வது? கி.மு. 1250 வாக்கில் செதுக்கியது. தலைகளைத் தனியே செய்து பொருத்தியிருக்கிறார்கள். கழுத்தில் முளை அடித்த துளைகள் இன்னும் தெரிகின்றன. வருவோரைப் பார்த்துத் திரும்பியிருந்திருக்கும்.

கே: கழுத்தில் பிடரி இல்லை. பெண்சிங்கம்தான், அக்கா!

ப: உங்கள் பக்கம் ஒரு சான்றை நானே தருகிறேன். அதே மைசீனியின் நான்காம் புதைகுழியில் கிடைத்த குத்துவாளில், பொன் சிங்கங்களுக்குப் பிடரி இருக்கிறது. ஆகவே அந்த ஊர்க் கைவினைஞருக்குப் பிடரி தெரியாமல் இல்லை. ஆனால் இங்கே பிடரி தொலைந்த தலையோடு சேர்ந்திருக்கலாமே?

கே: கிரீஸில் சிங்கம் இருந்ததா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். இனி இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கே: மைசீனியில் இருப்பது சிங்கமே இல்லை, சிங்க உடலும் பருந்துத் தலையும் கொண்ட கற்பனை விலங்கான கிரிஃபின் என்கிறார்களே?

ப: பருந்துத் தலை வைத்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. பாசானியஸ் சிங்கம் என்றே எழுதினார், ஆனால் அவர் வந்தது 1,400 ஆண்டு கழித்து. நான் சிங்கம் என்றே நினைக்கிறேன். ஆண், பெண் சண்டைக்கு வரவில்லை.

கே: அப்போ பெண்சிங்கம் என்று எழுதலாமா?

ப: வேண்டாம். 'தலையற்ற இரு சிங்க உருவங்கள்' என்று எழுதுங்கள்.