ஓட்டும்போது போன், சாலையில் போலீஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி போனைப் பற்றியவை. மீதிப் பாதி, மறித்து நிறுத்திய போலீஸுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைப் பற்றியவை. கீழே ‘சட்டம்’ என்று வருவதெல்லாம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தங்களோடு. அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நடப்பில் இருப்பவை.

கோவையில் உணவு டெலிவரி செய்கிறேன். ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டி மேப் பார்த்துத்தான் போகிறேன். இதற்கும் ஃபைன் உண்டா?

மேப் மட்டும் என்றால் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது: வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஓட்டுபவரின் கவனம் கெடக் கூடாது. போலீஸ் கேட்டால் திரையில் மேப் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதுவே உங்கள் பதில்.

உங்கள் வேலையில் சிக்கல் மேப்பில் இல்லை, நடுவில் வந்து விழும் அடுத்த ஆர்டரில். ஓடும் வண்டியில் அதை ஏற்கத் திரையைத் தொட்டால், அது வழி பார்த்த கணக்கில் வராது. 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. இரண்டு நொடி குனிந்து பார்த்தால் 22 மீட்டர், அதாவது இரண்டு டவுன் பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். ஓரம்கட்டி, ஒரு காலை ஊன்றி, பிறகு தொடுங்கள்.

ஹோல்டரை டேங்க் மேல் வைக்காதீர்கள். ஸ்பீடாமீட்டருக்கு மேலே, பார்வைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முகவரியைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டு, குரல் வழிகாட்டலை ஓட விடுங்கள். திருப்பத்தைத் தவறவிட்டால் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, மேப் தானே வேறு வழி சொல்லும். இன்னொன்று: பைக் இன்ஜினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம். ஆப்பிள் நிறுவனமே 2021இல் இதை எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குவது போனுக்கு நல்லது.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசினால் கையில் பிடிக்கவில்லையே, அது எப்படிக் குற்றம்? புளூடூத்தில் பேசினால்?

‘கையில் பிடித்துப் பேசினால் குற்றம்’ என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பழகிவிட்டோம். 184ஆம் பிரிவு சொல்வது சற்று வேறு. கையில் பிடிக்கும் வகையான தகவல் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை அது ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. போனை ஹெல்மெட்டுக்குள் செருகினாலும் அது அதே கருவிதான். ‘கை காலியாகத்தானே இருக்கிறது’ என்ற வாதத்தை நம்பிப் போக வேண்டாம்.

செருகுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. போன் நுழைய இடம் வேண்டும் என்று பட்டையைத் தளர்த்திவிடுகிறார்கள், சிலர் மாட்டுவதே இல்லை. ஹெல்மெட் கட்டாயம் என்று சொல்லும் 129ஆம் பிரிவு, பட்டையோ பூட்டோ போட்டுத் தலையில் உறுதியாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டாத ஹெல்மெட் அடிபடும் நொடியில் தலையில் இருக்காது. அதற்கு 1,000 ரூபாய் தனி. லைசென்ஸை மூன்று மாதம் தகுதி நீக்கவும் 194டி பிரிவில் இடம் உண்டு.

புளூடூத்தை அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் அதே 184இல், கவனமும் திறமையும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் தரத்துக்கு மிகவும் கீழே, ஆபத்து என்று வெளிப்படையாகத் தெரியும்படி ஓட்டுவதும் குற்றம்தான். பேச்சில் மூழ்கி வண்டி அலைந்தால் போலீஸ் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், புளூடூத் பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் கிடையாது. 1997இல் டொராண்டோவிலும் 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் போன் அழைப்புப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். இரண்டிலும் போன் பேசியவர்களுக்கு விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறையவில்லை. கை இரண்டும் ஹேண்டிலில் இருந்தாலும், மனம் மறுமுனையில் பேசுகிறவரிடம் இருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்குச் சாலை தெரியும், லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவர் நிறுத்த மாட்டார்.

சிகப்பு சிக்னலில் நிற்கும்போது வாட்ஸ்அப் பார்த்தால்?

சிக்னலுக்கு என்று சட்டத்தில் விலக்கு இல்லை. இன்ஜின் ஓடுகிறது, நீங்கள் சாலையின் நடுவில் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், குரல் கட்டளை கொடுத்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்ததும் சட்டென்று கிளம்புகிறவர், நடுவில் குறுக்கே போகும் பாட்டியைப் பார்ப்பதில்லை.

ஓட்டும்போது போன் பேசியதற்கு ஒருமுறை 1,000 கட்டிவிட்டேன். கணக்கு முடிந்ததா?

வழக்கு முடிந்தது, கணக்கு முடியவில்லை. இணக்கக் கட்டணம் (நீதிமன்றம் போகாமல் வழக்கை முடிக்கக் கட்டும் தொகை) கட்டினாலும் அது முதல் குற்றமாகவே எண்ணப்படும் என்று 200ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி போனோடு மாட்டினால் 10,000 ரூபாய். இது பலருக்கும் தெரிவதில்லை, கவுண்டரில் யாரும் சொல்வதும் இல்லை.

போலீஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். இது சரியா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சாவியைப் பிடுங்கும் அதிகாரம் சட்டத்தில் எங்கும் இல்லை. வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவு இருக்கிறது. அது லைசென்ஸ் இல்லாமல் அல்லது வயது வராமல் ஓட்டுவது, பதிவில்லாத வண்டி, பர்மிட் இல்லாத வண்டி போன்றவற்றுக்கு. குடித்து ஓட்டியவரைக் கைது செய்தால் வண்டியையும் பாதுகாப்பில் எடுக்கலாம். போன் பேசியதற்காகச் சாவியை எடுப்பது இதில் சேராது. ஆனால் அங்கே கையைப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்தார் என்ற வேறு வழக்கு முளைக்கும். பெயரையும் பதவியையும் சீருடைப் பட்டையில் பார்த்துக்கொண்டு, இடம், நேரம், ரோந்து வண்டி எண்ணோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.

லைசென்ஸ் விஷயம் வேறு. சீருடையில் உள்ள எந்தக் காவலரும் அதைக் காட்டச் சொல்லலாம். அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல் (போன் இதில்தான் வரும்), குடி, ஹெல்மெட் போன்ற குற்றங்களுக்கு அதைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பவும் 206(4) இடம் தருகிறது. அப்படி எடுத்தால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தந்தே ஆக வேண்டும். கவனியுங்கள்: இந்த வகைச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது, பிரிவிலேயே அப்படித்தான் இருக்கிறது. தகுதி நீக்கும் முன் ஆர்.டி.ஓ. உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். ஆணை வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்பில் காட்டும் லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும். காலரியில் இருக்கும் போட்டோவோ ஸ்கிரீன்ஷாட்டோ செல்லாது. நெட் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆவணத்தை ஆப்புக்குள் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

விற்றுவிட்ட பைக்குக்கு எனக்கு கேமரா சலான் வருகிறது.

ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது என்று பொருள். விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் படிவம் 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ‘அவரே மாத்திக்குவார்’ என்று கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு. சலான் சின்ன விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்றே படிவம் 29, விற்பனை ரசீது, வாங்கியவரின் அடையாள நகல் மூன்றோடும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்.

வண்டி உங்களுடையதே என்றால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2021இல் வந்த 167ஏ விதிப்படி குற்றமும் நம்பர் பிளேட்டும் படத்தில் தெரிய வேண்டும். தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். கன்னத்தைச் சொறிந்த கையைப் போன் என்று எடுத்துக்கொள்ளும் சலான்களும் வருவதுண்டு. அப்போது பணம் கட்டாமல், இ-சலான் தளத்தில் உள்ள புகார்ப் பகுதியில் படத்தைச் சுட்டிக்காட்டி மறுப்பு பதியுங்கள். உங்கள் எண்ணை வேறு வண்டியில் ஒட்டியிருந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், வண்டியின் நிறம், மாடல் வித்தியாசத்தைப் படத்தோடு இணையுங்கள்.

நண்பர் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அபராதமா?

ஆகலாம். ஆபத்தான ஓட்டுதலுக்கும் குடித்து ஓட்டுவதற்கும் உடந்தையானவருக்கு அதே தண்டனை என்று 188 சொல்கிறது. குடித்தவர் ஓட்டப் பின்னால் ஏறியவர்களுக்குச் சென்னையில் இந்தப் பிரிவில்தான் 10,000 போடுகிறார்கள். ஓட்டுபவரின் காதில் போனைப் பிடித்துக்கொண்டு வருகிற ‘உதவி’யும் இதே வகைதான்.

போன் பேசிக்கொண்டு இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிடுமா?

அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை, ஓட்டுநர் போன் பேசினார் என்பதைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. லைசென்ஸ் இல்லாதது, குடிபோதை போன்றவை 150ஆம் பிரிவில் உள்ள தற்காப்புகள். போன் அந்தப் பட்டியலில் இல்லை. அடிபட்டவரே போன் பேசிக்கொண்டு ஓட்டியவர் என்றால் நிலைமை மாறும். அவர் பங்குக்கும் கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பாயம் இழப்பீட்டில் ஒரு சதவீதத்தைக் கழிக்கலாம்.

குற்ற வழக்கில் விசாரணை அதிகாரி போன் நிறுவனத்திடம் அழைப்புப் பதிவை வாங்குவார். அழைப்பு ஓடிய நேரமும் விபத்து நேரமும் ஒத்துப்போனால், ‘பேசவே இல்லை’ என்ற வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். உயிர் போயிருந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106இன்படி ஐந்து ஆண்டு வரை சிறை. இடித்த பிறகு நிறுத்துவதும், அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும், காவல் நிலையத்துக்குச் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 134இன்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் அந்த இடத்தை விட்டு நேரே காவல் நிலையம் போகலாம். 108க்கு அழைக்கும்போது இடத்தின் பெயரோடு பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள்.