மொரீஷியஸா சிங்கப்பூரா? யார் பிள்ளைங்களுக்கு நிறைய செலவு பண்றாங்க?

கேள்வி: மொரீஷியஸ் கல்விக்கு ஜிடிபில நாலரை சதவீதம் கிட்ட செலவு பண்ணுது, சிங்கப்பூர் 3 கூட தாண்டல. அப்போ சின்னப் பிள்ளைங்க மேல அக்கறை மொரீஷியஸுக்குத்தானே? ஆபீஸ்ல ஒரே சண்டை சார், தீர்ப்பு சொல்லுங்க. (ஈரோடு வாசகர் ஒருத்தர்)

பதில்: நம்பர் ரெண்டும் சரிதாங்க, ஆனா அது ஆரம்பப் பள்ளிக்கு மட்டும் உள்ள கணக்கு இல்ல, காலேஜ் வரைக்கும் எல்லாம் சேர்ந்தது. அடுத்தது, எதுல சதவீதம்னு பாக்கணும். மொரீஷியஸோட ஜிடிபி சுமார் 1,400 கோடி டாலர், ஜனம் பன்னிரண்டரை லட்சம். சிங்கப்பூருக்கு 50,000 கோடி டாலர், ஜனம் 60 லட்சம். சிங்கப்பூருக்கு ரெண்டரை சதவீதம்னு வச்சு நீங்களே போட்டுப் பாருங்க, தலைக்கு 2,000 டாலருக்கு மேல வருது, மொரீஷியஸுக்கு 500 சொச்சம்தான். சதவீதத்துல தோத்தவன் கையில நாலு மடங்கு காசு!

அதுக்காக சிங்கப்பூர் ஜெயிச்சுதுன்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா பள்ளிக்கூடச் செலவுல பெரும்பகுதி வாத்தியார் சம்பளம், பணக்கார ஊர்ல அந்தச் சம்பளமும் ஏறித்தான் இருக்கும். தன் வருமானத்துல பெரிய பங்க ஒதுக்கறது யாருன்னு கேட்டா மொரீஷியஸ், தலைக்குச் செலவாகற டாலர் எங்க அதிகம்னு கேட்டா சிங்கப்பூர். ரெண்டும் வேற வேற கேள்வி, உங்க ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ண புடிச்சுக்கிட்டு கத்தறீங்க.

கேள்வி: ரெண்டு ஊர்லயும் ஆரம்பப் பள்ளி ஃப்ரீதானே, அப்புறம் பெத்தவங்க ஏன் புலம்பறாங்க? (மதுரை வாசகி)

பதில்: ஃப்ரீதான். சிங்கப்பூர்ல குடிமக்கள் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது, இதர கட்டணம்னு மாசம் அதிகபட்சம் 13 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அவ்வளவுதான். அதே பெஞ்சுல நம்ம ஊர்லேர்ந்து போய், அங்க குடியுரிமையோ நிரந்தரவாச உரிமையோ இல்லாத குடும்பத்துப் பிள்ளை உக்காந்தா மாசம் 800 வெள்ளியத் தாண்டுது, உண்மையான செலவு எவ்வளவுன்னு அதுலயே ஓரளவு தெரிஞ்சுரும்.

புலம்பல் பரீட்சையால. ஆறாம் வகுப்பு முடிவுல சிங்கப்பூர்ல பிஎஸ்எல்இ, மொரீஷியஸ்ல பிஎஸ்ஏசின்னு பொதுப் பரீட்சை, அந்த மார்க்க வச்சுத்தான் அடுத்த ஸ்கூல். அதனால டியூஷன். 2023 கணக்குப்படி சிங்கப்பூர் குடும்பங்க டியூஷனுக்குக் கொட்டினது வருஷம் 180 கோடி வெள்ளி, கல்வி அமைச்சகத்தோட மொத்த பட்ஜெட்டே 1,400 கோடி சொச்சம்தான்! மொரீஷியஸ்ல சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கவே கூடாதுன்னு சட்டம் போட வேண்டியதாயிருச்சு. இதெல்லாம் அரசு செலவுக் கணக்குல ஒரு பைசா ஏறாது, எனக்கென்னமோ இதையும் சேர்க்காம ரெண்டு நாட்டை ஒப்பிடறது அரைகுறை வேலைதான்.

கேள்வி: மொரீஷியஸ் ஸ்கூல்ல தமிழ் சொல்லித் தர்றாங்களாமே, காசு யாரு குடுக்கறா? (தஞ்சாவூர்லேர்ந்து)

பதில்: அரசாங்கம்தான். ஆரம்பப் பள்ளிலயே இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, அரபி, சீனம்னு விருப்பப் பாடம் இருக்கு, 2012லேர்ந்து அவங்க பேசற கிரியோலும் சேர்ந்துச்சு. இதுல செலவு எங்க வருதுன்னா, மொழிப் பீரியட் வந்ததும் ஒரே வகுப்பு நாலஞ்சா பிரியுது, இந்திக்குக் கூட்டம் இருக்கும், தமிழுக்கோ தெலுங்குக்கோ கொஞ்சம் பேர்தான், ஆனா அந்தக் கொஞ்சம் பேருக்கும் தனி வாத்தியார் வேணுமே. சிங்கப்பூர்லயும் தமிழுக்கு இதே கதைதான், சில ஸ்கூல்ல பிள்ளைங்க போதாம தமிழ்க் கிளாஸே இருக்காது, அவங்க வேற சென்டருக்குப் போய்ப் படிச்சுட்டு வரணும்.