சமையல் மேடைக்கு கிரானைட் போடலாமா? 11 வருடம் புழங்கிய அனுபவம்

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். சமையல் மேடைக்கு கிரானைட் நல்லதா, குவார்ட்ஸ் நல்லதா? கிரானைட்டில் என்னென்ன வசதி, என்னென்ன தொல்லை?

கிரானைட்டே போடுங்கள். ஆனால் கல்லைத் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிற நேரத்தில் பாதியையாவது, கல் பதிக்கிற அன்றைக்கு மேஸ்திரி பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில் எங்கள் வீட்டு மேடையோடு 11 வருடமாகப் புழங்குகிறேன். கல்லால் வந்த தொல்லை ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அறுத்ததிலும் பதித்ததிலும் வந்தவை.

முதலில் நான் ஏன் கிரானைட்டுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மாமியார் வீட்டு மேடை கடப்பா கல். வருடா வருடம் எலுமிச்சை ஊறுகாய் போடுவார்கள். பழம் நறுக்கிய இடத்தில் சாறு சிந்தி, துடைப்பதற்குள் கல் வெளிறிவிடும். ஜாடி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டு நாள் மறையும், அப்புறம் மறுபடி தெரியும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரிக்கும். மார்பிளும் அப்படித்தான். கிரானைட்டில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்கிற இயற்கைக் கனிமங்கள். புளிக்கரைசல், தயிர், எலுமிச்சை எதற்கும் அது அசையாது. நம் சமையலில் புளிப்பு படாத நாள் ஏது?

அடுத்தது சூடு. விசில் அடங்காத குக்கரை இறக்கி அப்படியே மேடையில் வைக்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கடையில் குவார்ட்ஸ் என்று விற்பது மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த கல் அல்ல. கல்தூளைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்த பலகை. கறை பிடிக்காது, பார்க்க அழகு, எல்லாம் சரி. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை வைத்தால் அந்தப் பிசின் பழுத்து நிறம் மாறிவிடும். மணையும் பிரிமணையும் தேடி வைத்துச் சமைக்கிற பொறுமை எனக்கில்லை.

இன்னொன்று, வீட்டுக்காரர்கள் யாரும் கேட்காதது. அந்தப் பலகைகளை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு தொழிலாளிகளின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் அவற்றுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். கிரானைட் தூசிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எங்கள் வீட்டில் அறுத்த பையன் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு காய்ந்த கல்லையே அறுத்தான். தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சரி, கல்லால் வந்த அந்த ஒரு தொல்லை, நிறம். ஆந்திராவில் சீமகுர்த்திப் பக்கம் எடுக்கிற பிளாக் கேலக்ஸி வாங்கினோம். கறுப்பில் தங்கப் பொடி தூவியது போல இருக்கும், கடை வெளிச்சத்தில் பார்த்தால் விடமாட்டீர்கள். எங்களுக்கு போர்வெல் தண்ணீர். சிங்க் ஓரத்தில் ஒரு சொட்டு காய்ந்தாலும் வெள்ளையாக உப்பு பூக்கும். ராத்திரி பாத்திரம் கழுவியதும் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று என்று இரண்டு துடைப்பு துடைக்கவேண்டும். விட்டுப்போனால் வெந்நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலம்பிவிடுவேன். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். கறுப்புக் கல்லில் எறும்பு ஊர்வதும் கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரை டப்பாவைத் திறந்த பிறகுதான் தெரியும்.

அப்படியானால் வெள்ளைக் கல் போடலாமே என்பீர்கள். என் தங்கை போட்டாள். குடிபோன மாதமே எண்ணெய்த் தூக்கு வைத்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். வெளிர் நிறக் கற்களில் பல தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ராத்திரி முழுக்க விட்டு எடுத்தோம். மூன்று தடவை செய்த பிறகும் அந்த வட்டம் லேசாக இருக்கத்தான் இருக்கிறது. மஞ்சள் கறை பரவாயில்லை, ஜன்னல் வெயில் பட்டாலே வெளுத்துவிடும். கடையில் கல்லின் மேல் நாலு சொட்டு தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் அது உறிஞ்சுகிற கல். அதுதான் பிடித்திருக்கிறது என்றால் சீலர், அதாவது கல் உறிஞ்சாமல் தடுக்கிற பூச்சு, பூசுங்கள், சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூசவேண்டியிருக்கும். கறுப்புக் கல் வாங்கினால் பஞ்சில் நகப்பூச்சு ரிமூவர் தொட்டு ஓரத்தில் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றிய கல், விட்டுவிடுங்கள்.

இனி பதித்த கதை. சிங்குக்குத் துளை போடும்போது நாலு மூலையையும் பெட்டி மாதிரி கூராக வெட்டிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு நாள் துடைக்கும்போது விரல் நகம் எதிலோ தட்டியது. சிங்க் மூலையில் ஆரம்பித்து முன் ஓரம் வரைக்கும் முடி கனத்தில் ஒரு கோடு. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால், “அது கல்லுலயே வர்ற ரேகைங்கக்கா, விரிசல் இல்லைங்க” என்றார். நான் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். மேடையெல்லாம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நின்றது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. எபாக்ஸி பசை வைத்து அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் சாம்பார் சிந்தினால் முதலில் அந்தக் கோட்டில்தான் போய் நிற்கிறது.

துளையின் மூலைகள் வளைவாக இருக்கவேண்டும். துளைக்கும் முன் ஓரத்துக்கும் நடுவே மிஞ்சுகிற பட்டைதான் மேடையிலேயே பலவீனமான இடம், அதற்குக் கீழே தாங்கல் வேண்டும். 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ கனக்கும். 8 அடி நீளம், 2 அடி அகல மேடை என்றால் 80 கிலோ. மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள் வெறும் பெட்டிகளின் மேல் இதை ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். கல்லும் கல்லும் சேருகிற இணைப்பு சிங்க் மேல் வரக்கூடாது. முன் ஓரத்தின் அடியில், வழிகிற தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிட, நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம் (காடி) இழுக்கச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். அது இல்லாததால் எங்கள் வீட்டில் தண்ணீர் கல்லின் அடியில் ஓடிப்போய் அலமாரிக் கதவு உப்பிவிட்டது.

கண்ணாடி டம்ளர் தவறினால் பிழைக்காது, மேடையிலேயே காய் நறுக்கினால் கத்தி மழுங்கும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது உயரம். பதித்த கல்லை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. என் உயரத்துக்கு 34 அங்குலம் வைத்தேன், அதன் மேல் அடுப்பு உட்காரும் உயரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அம்மா என்னைவிட அரை அடி குட்டை. ஊரிலிருந்து வந்தால், பூஜை அறை மணையை எடுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் தோசை வார்க்கிறாள்.