பிரிந்த பெர்லினைச் சிறுவர்களுக்கு எழுதுவது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

மேற்கு பெர்லினில் வசிக்கும் அம்மா, 1961 ஆகஸ்ட் 12 அன்று கிழக்கில் உள்ள தங்கை வீட்டுக்குப் போகிறார். விடிந்தால் எல்லை மூடிக் கிடக்கிறது. அவரால் வீடு திரும்ப முடியவில்லை. என் சிறார் நாவல் இப்படித் தொடங்குகிறது. சரிதானா? (வாசகி, மதுரை)

சரியில்லை. அந்த இரவு கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை மூடியது; பெர்லின் சுவர் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அது பூட்டியது கிழக்கில் வாழ்ந்தவர்களைத்தான். மேற்கு பெர்லின் அடையாள அட்டை இருந்தால் மறுநாள் ஞாயிறு காலையிலேயே எல்லைச் சாவடி வழியாகத் திரும்பியிருக்கலாம். உங்கள் அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். கதை அங்கேயே நின்றுவிடும்.

திருப்பிப் போடுங்கள். கோடை விடுமுறைக்கு மேற்கில் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும் கிழக்குச் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பிப் போக யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் போனால் மறுபடி வர முடியாது. அப்பா அம்மாவோ அவளிடம் வரவே முடியாது. இதில் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: மேற்கு பெர்லின்காரர்கள் ஆகஸ்ட் 22 வரை கிழக்குக்குப் போய்வர முடிந்தது. 23 முதல் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். அதை வாங்க வழியே இல்லை. ஆக, பாட்டி எல்லை தாண்டிப் போய் மகளிடம் "பிள்ளையை அனுப்பவா, வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டுவர பத்தே நாள். அந்தப் பத்து நாளில் பெரியவர்கள் எடுக்கும் முடிவும், அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பிள்ளையும்தான் உங்கள் நாவலின் முதல் பாதி. வில்லனாக ஒரு காவலரைத் தேடி அலைய வேண்டாம்.

அந்தக் காலையில் சிறுமி அம்மாவோடு தொலைபேசியில் பேசலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. இரண்டு பெர்லின்களுக்கும் இடையிலான தொலைபேசி இணைப்பை 1952லேயே துண்டித்துவிட்டார்கள். 1971இல்தான் மீண்டும் கொடுத்தார்கள், அதுவும் மிகச் சில இணைப்புகள். செய்தி வானொலியில் வரும், அக்கம்பக்கத்தார் வாயால் வரும். கடிதமும் தந்தியும் போய்க்கொண்டிருந்தன. ஆனால் கிழக்கில் கடிதம் பிரிக்கப்படலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அம்மா மனதில் உள்ளதை அப்படியே எழுத மாட்டார். "இங்கே எல்லாரும் சுகம்" என்ற வரிக்குள் வேறொன்றை மறைக்கப் பழகுங்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேற்கிலிருந்து பொட்டலம் அனுப்பலாம். மேலே "அன்பளிப்பு, வணிகப் பொருள் அல்ல" என்று ஜெர்மனில் எழுத வேண்டும். காபி, சாக்லெட் போகும். செய்தித்தாளுக்குத் தடை, ஆகவே சாக்லெட்டைப் பழைய பேப்பரில் சுற்றி அனுப்புவதாக எழுதிவிடாதீர்கள்.

கதையின் நடுவில் குடும்பம் ஒருமுறையாவது சந்திக்க வேண்டும். எப்போது முடியும்? (வாசகி, கோயம்புத்தூர்)

1963 கிறிஸ்துமஸ். டிசம்பர் 17 அன்று மேற்கு பெர்லினுக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் இடையே அனுமதிச் சீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது; 19 முதல் 1964 ஜனவரி 5 வரை மேற்கு பெர்லின்காரர்கள் கிழக்கு பெர்லினில் உள்ள உறவினரைப் பார்க்கலாம். சுமார் 12 லட்சம் வருகைகள் பதிவாயின. பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, உடன்பிறந்தார், அத்தை மாமா, உடன்பிறந்தாரின் பிள்ளைகள் வரை சரி. தோழி கணக்கில் வராது. பக்கத்து வீட்டுத் தோழியைப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு இந்தச் சீட்டு உதவாது.

விண்ணப்பிக்க ஒரு வரிசை, சீட்டு வாங்க இன்னொரு வரிசை, இரண்டும் உறையும் குளிரில். சீட்டு ஒரு நாளுக்கு மட்டும். நள்ளிரவுக்குள் வெளியேறிவிட வேண்டும். உறவினர் பெர்லினுக்கு வெளியே, கிழக்கு ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் இருந்தால் அங்கே போக முடியாது; அவர்கள்தான் கிழக்கு பெர்லினுக்கு வந்து சந்திக்க வேண்டும்.

பிரிவுக்கும் சந்திப்புக்கும் இடையே 2 ஆண்டு 4 மாதம். ஏழு வயதில் விட்டுப்போன தம்பிக்கு இப்போது ஒன்பது தாண்டிவிட்டது. பழைய அளவில் பாட்டி வாங்கிவந்த காலணி அவன் காலில் ஏறாது. சந்திப்புக் காட்சிகளில் பலர் எல்லாரையும் அழவைத்துவிடுகிறார்கள். காலணி போதும், அழுகையைக் குறையுங்கள்.

1964 நவம்பர் முதல் ஓய்வு பெற்ற வயதினர் கிழக்கிலிருந்து மேற்கே உறவினரிடம் போய்வர அனுமதி கிடைத்தது. கதை அதுவரை நீண்டால், கிழக்கில் இருக்கும் தாத்தாவை அனுப்பலாம்.

1961இல் சுவர் எப்படி இருந்தது? (வாசகர், திருநெல்வேலி)

முதலில் முள்கம்பி. சில நாளில் கான்கிரீட் கற்கள் அடுக்கிய, அவசரமாகப் பூசிய சுவர். படங்களில் நாம் காணும் 3.6 மீட்டர் உயர வழவழப்பான சுவர் 1970களின் நடுவில் வந்தது. வண்ண ஓவியங்கள் அதற்கும் பின்னால், அதுவும் மேற்குப் பக்கத்தில் மட்டும். எல்லையோரம் இருந்த பெர்னவர் தெருவை எழுதினால் கவனம்: கிழக்குப் பக்க வீடுகள் கிழக்கில், அவற்றின் வாசல் நடைபாதை மேற்கில். முதலில் வாசலை அடைத்தார்கள், பிறகு ஜன்னல்களை. அங்கே ஜன்னலிலிருந்து குதித்து இடா சீக்மன் என்ற பெண்மணி ஆகஸ்ட் 22 அன்று இறந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதும்போதும் மரணத்தை மறைக்க வேண்டாம். ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

சுவர் இடிந்த நாளில் நாவலை முடிக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

1961இல் உங்கள் நாயகனுக்கு 9 வயது என்றால் 1989 நவம்பர் 9 அன்று 37. சிறுவர் நாயகன் கையில் இருக்க மாட்டான். 1964 ஜனவரி 5லேயே முடியுங்கள். 1989 வேண்டுமென்றால் அவனுடைய மகளை நாயகியாக்கி, தனி நூலாக எழுதுங்கள்.