ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு சிநேகிதன்

பெருந்துறையிலிருந்து வட கரோலினாவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையனுக்குப் பத்து வயது, ஆட்டிசம் என்று கோயம்புத்தூரில் பார்த்துச் சொன்னார்கள். இங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. கணக்கு நன்றாக வருகிறது, ரயில் என்றால் உயிர், ஆனால் சேர்ந்து விளையாட ஒரு பிள்ளை கிடையாது. அடுத்த வருடம் மிடில் ஸ்கூல். வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா, மாமியார் சொல்வதுபோல ஊருக்கே அனுப்பிவிடலாமா என்றும் கேட்கிறார்.

அம்மிணி, நானும் நம்ம பக்கம்தான், கோபி. என் மகனும் இதே வழியில் வந்து இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழை நிறுத்தாதீர்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு பின்தங்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தமிழ் போனால் அப்பாருவோடும் ஆத்தாவோடும் பேசுவது நின்றுபோகும். பேச ஆளே குறைவாக இருக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு பேரையும் ஏன் குறைக்க வேண்டும்?

அடுத்தது பள்ளிக்கூடம். இங்கே மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் படிப்புக்கென்று இருக்கிற ஐடியா (IDEA) என்ற சட்டப்படி, உங்கள் விசா எதுவானாலும், பையனுக்கு வேண்டிய உதவியைப் பள்ளி இலவசமாகத் தர வேண்டும். அதை எழுதி வைக்கிற தனிநபர் கல்வித் திட்டத்தைத்தான் ஐ.இ.பி. என்கிறார்கள். கோவை ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துத் திட்டம் போட மாட்டார்கள், பள்ளியும் சோதித்துப் பார்க்கும். சோதிக்கச் சொல்லி வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள், அப்போதுதான் கேட்ட தேதிக்கு அத்தாட்சி இருக்கும்.

"நல்ல மார்க் வாங்குகிறானே, இவனுக்கு எதற்கு?" என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே தளர்ந்துவிடாதீர்கள். சட்டம் மார்க்கை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை, பழகுவது, பேசுவது, அன்றாடம் சமாளிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்ன தீர்ப்பும் உங்கள் பக்கம்தான். பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேறினால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அதனால் சிநேகிதத்தை அந்தத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "சக மாணவரோடு நன்றாகப் பழகுவான்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "இடைவேளையில் தானாக ஒரு பிள்ளையிடம் போய் விளையாடக் கேட்பான், பத்து நிமிடம் முறைவைத்து விளையாடுவான்" என்று எழுதினால் ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொள்ள முடியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனி அறையில் உட்காரவைத்துச் சாப்பிடவும் விளையாடவும் விடுகிற வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பேச்சுப் பயிற்சி ஆசிரியரிடமோ கவுன்சிலரிடமோ கேளுங்கள். முந்நூறு பிள்ளைகள் சத்தம் போடுகிற சாப்பாட்டுக் கூடத்தில் நம் பிள்ளைக்குச் சிநேகிதம் கிடைப்பது கஷ்டம்.

ஒரே ஒரு பிள்ளை போதும். அந்த ஒருவனை ரயில் வழியாகவே தேடலாம். வகுப்பில் ஐந்து நிமிடம் நம் மேட்டுப்பாளையம் ரயிலைப் பற்றிப் பேச விடச் சொல்லிப் பாருங்கள். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக இன்னொரு தண்டவாளம், இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்து மலை ஏறுகிறது என்று அவன் படம் வரைந்து காட்டினால், வகுப்பில் எவனாவது ஒருவன் நிமிர்ந்து உட்காருவான். அவன் யார் என்று ஆசிரியர் பார்த்து வைத்துச் சொன்னால் போதும்.

என் மகனுக்கு லிஃப்ட். காலணிப் பெட்டி, நூல், காலி நூல்கண்டு இவற்றை வைத்து அவனும் இன்னொரு பையனும் எங்கள் வீட்டுத் தரையில் லிஃப்ட் கட்டினார்கள். முதல் நாள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. "நூலை இழு", "விடு", அவ்வளவுதான் பேச்சு. அது சிநேகிதம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார்: புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இல்லை என்று. அந்தப் பையன் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்பு சாதம் கேட்டுச் சாப்பிடுகிறான்.

வீட்டுக்கு யாரையாவது கூப்பிட்டால் ஒரு பிள்ளை, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். தட்டுவடை, ரயில், வெளியே ஊஞ்சல், டாட்டா என்று வரிசையாகத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இப்படி நாளைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிற டீச் (TEACCH) முறை, 1972-இல் எரிக் ஷாப்ளர் இந்த மாநிலத்தின் சாப்பல் ஹில்லில் தொடங்கியது. இங்கே ஆசிரியர்கள் பலருக்கும் அது பழக்கம். வருகிற பையனின் அம்மாவிடமும் முன்னாடியே சொல்லிவிடுங்கள், சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்வான், கோபமில்லை என்று. வகுப்பில் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் அவனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பத்து வயதில் அது அவன் விஷயம்.

மிடில் ஸ்கூலில் பாடத்துக்குப் பாடம் அறை மாறும், ஆசிரியர் மாறுவார். வசந்த காலத்தில் ஐ.இ.பி. கூட்டம் போடும்போது புதிய பள்ளியிலிருந்தும் ஒருவரை வரச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் முன் கட்டிடம் காலியாக இருக்கும்போது அவனை நடந்து பார்க்க விடச் சொல்லுங்கள். லாக்கர் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், எண் சுற்றித் திறக்கிற பூட்டு ஒன்று வாங்கி லீவு முழுவதும் வீட்டில் பழக்குங்கள். வலப்பக்கம் சுற்றி, இடப்பக்கம் சுற்றி, மறுபடி வலப்பக்கம். மணி அடித்து எல்லோரும் ஓடும்போது பூட்டு திறக்கவில்லை என்றால் அந்த நாளே போய்விடும்.

ஊர் விஷயம். "அவங்கப்பனும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலீங்க" என்று உங்கள் மாமியாரும் சொல்லியிருப்பார். பாசத்தில் சொல்வது, சண்டை போடாதீர்கள். ஆனால் இப்போதுதான் ஒரு இடம் மாறியிருக்கிறான், உங்களையும் விட்டு இன்னொரு இடம் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாமன் பிள்ளைகளோடு கொடிவேரிக்குப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து.

பள்ளிக் கூட்டத்தில் ஆங்கிலம் ஓடுகிற வேகம் பயமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையைத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனோடு கொஞ்சம் பழகிக்கொள்கிறேன். பள்ளி கூட்டத்துக்குத் தேதி கொடுத்ததும் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.