வயிற்றுவலியாக வரும் பயம்

கேள்வி: என் மகளுக்கு வயது 11. எட்டு மாதங்களுக்கு முன் நாங்கள் சென்ற கார் விபத்துக்குள்ளானது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அன்று முதல், வண்டியில் ஏற வேண்டிய வேளை வந்தாலே அவளுக்கு வயிறு வலிக்கிறது. பிரேக் சத்தம் கேட்டால் தோள்களை இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிடுகிறாள். மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. விபத்தைப் பற்றிக் கேட்டால் வாயே திறப்பதில்லை. உடலின் வழியாகச் சிகிச்சை அளிக்கலாம் என்கிறார் ஓர் உளவியலாளர். பேச மறுக்கும் குழந்தையின் மனக்காயம் உடற்பயிற்சியால் ஆறிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மகள் நடிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பரிசோதனையில் ஒன்றும் தெரியாதபோது வீட்டார் மனத்தில் அந்தச் சந்தேகம் எட்டிப்பார்ப்பது இயல்பு. ஆபத்தை உணர்ந்த கணத்தில், நம் விருப்பத்தைக் கேளாமலேயே மூளை தானியங்கி நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது: அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. எதிர்க்கவோ ஓடவோ வழியில்லாதபோது உடல் உறைந்து போவதும் உண்டு. சீட் பெல்ட் அணிந்து அமர்ந்திருந்த குழந்தைக்கு இரண்டுக்குமே வழியில்லை. பின்னர் அதை ஒத்த ஓர் ஒலி கேட்டாலும் இத்தனையும் மீண்டும் நிகழ்கின்றன. குலை நடுங்கியது, அடிவயிறு கலங்கியது, கைகால் உதறியது என்று அச்சத்தை உடலின் மேல் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது விளங்காததன்று.

உடற்பயிற்சி என்ற சொல்தான் பொருந்தவில்லை. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் 1970களில் உருவாக்கத் தொடங்கிய 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' (உடல் உணர்வுகளைக் கவனிப்பதன் வழியான சிகிச்சை) போன்ற முறைகளில், சிகிச்சையாளர் எடுத்த எடுப்பிலேயே விபத்தைப் பற்றிக் கேட்பதில்லை. உடலில் எந்த இடம் இப்போது இதமாக இருக்கிறது, பாதம் தரையில் பதிவது தெரிகிறதா என்றே தொடங்குவார். பயம் எங்கே இருக்கிறது என்று ஓர் உடல் படத்தில் வண்ணம் தீட்டச் சொல்லலாம். அச்சத்தைச் சிறிதளவு அணுகி, இறுக்கம் தொடங்கியதும் இதமான இடத்துக்குக் கவனத்தைத் திருப்பி, மறுபடியும் அணுகுவதே இதன் உயிர்நாடி. சுவரைக் கைகளால் தள்ளுவது, ஓடி நிற்பது போன்ற விளையாட்டுகள், அன்று அசைய முடியாமல் போன உடலுக்கு இன்று அசைய முடியும் என்பதைக் காட்டுகின்றன. 'மூச்சை ஆழமாக இழு' என்ற வழக்கமான அறிவுரை சில குழந்தைகளின் பதற்றத்தைக் கூட்டிவிடுவதால், அசைவில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

ஆயினும், குழந்தைகளிடம் இம்முறைகள் எந்த அளவுக்குப் பலனளிக்கின்றன என்பதற்கான ஆய்வுச் சான்று இன்னும் குறைவே. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இத்தகைய பாதிப்புள்ள சிறுவர்களுக்கு மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்குவது), கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறையையும் பரிந்துரைத்தது. முதலாவதிலும் உடலைத் தளர்த்தும் பயிற்சி தொடக்கக் கட்டத்திலேயே இடம்பெறுகிறது. நினைவைப் பேசுவது பிறகுதான். ஆகவே அந்த உளவியலாளருக்கு இவற்றிலும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பேச்சே ஒருபோதும் தேவையில்லை என்று உறுதி கூறுபவரை நான் நம்பமாட்டேன். அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினாலே மதிப்பீடு தேவை. எட்டு மாதங்கள் ஆகிவிட்டதால் இனியும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: சக மாணவர்களால் தாக்கப்பட்ட என் 15 வயது மகனுக்கும் இதே சிகிச்சையைச் சொல்கிறார்கள். சிகிச்சையாளர் அவனைத் தொடுவாரா? யார் அருகில் வந்தாலும் விலகிப் போகிறான்.
– ஒரு தந்தை

பதில்: தொடுதல் இச்சிகிச்சைக்கு இன்றியமையாதது அன்று, உங்கள் மகனுக்கு அதைத் தவிர்ப்பதே முறை. பலவந்தமாகப் பிடித்து அழுத்துவதைச் சிகிச்சை என்று யாரேனும் சொன்னால், அமெரிக்காவின் கொலராடோவில் 2000ஆம் ஆண்டு 'மறுபிறப்பு' என்ற பெயரில் போர்வையில் சுற்றி அழுத்தப்பட்ட 10 வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்ததை நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டே அம்மாநிலம் அம்முறையைத் தடைசெய்தது. முதல் சந்திப்பிலேயே, "நடுவில் இவன் 'போதும்' என்றால் என்ன செய்வீர்கள்?" என்று மகன் முன்னிலையிலேயே கேளுங்கள். "உடனே நிறுத்துவேன்" என்ற பதில் தயக்கமின்றி வராவிட்டால், அவனை அழைத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.